பதினைந்தாயிரம் ரூபாயும் ஒரு தனி அறையும்

"எக்ஸாம் எழுதும்போது ரூமுல வேற யாருமே இருக்கக் கூடாதாம்க்கா. எங்க வீடே ஒரு ரூம்தானே? அம்மாவையும் பாட்டியையும் எங்க அனுப்புறது?"

மயிலாப்பூரில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய குடியிருப்பில் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பு வட்டத்தில் ஒரு தங்கை கேட்டது இது. பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்தவர். பகலில் தி.நகரில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை. அம்மா மந்தைவெளியில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். கடை மூடி, பேருந்து பிடித்து, இரவு எட்டரைக்கு மேல் வந்து உட்கார்ந்து அவர் படித்தது அமேசானின் கிளவுட் தேர்வுக்கு. முழுப்பெயர் ஏ.டபிள்யூ.எஸ். சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட். தொடக்கநிலைக்கு மேலே, வல்லுநர் நிலைக்குக் கீழே இருக்கும் நடுநிலைத் தேர்வு.

கிளவுட் என்றதும் வானத்தைப் பார்க்க வேண்டாம். அடுத்தவன் கணினியை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பதுதான் கிளவுட். அமேசான் 2016இல் மும்பையிலும் 2022இல் ஐதராபாத்திலும் தன் தரவு மையங்களைத் திறந்தது. மைக்ரோசாஃப்ட் 2015இலேயே சென்னையில் திறந்துவிட்டது. வங்கி, மருத்துவமனை, அரசுத் துறை, நாம் சாப்பாடு வரவழைக்கும் செயலி என எல்லாம் அந்த வாடகைக் கணினிகளில்தான் ஓடுகின்றன. அவற்றைக் கட்டமைக்கத் தெரிந்தவர்களுக்கு டைடல் பார்க்கில் தொடங்கி ஓ.எம்.ஆர். முழுக்க வேலை இருக்கிறது.

இந்தத் தேர்வைப் பற்றி எங்களிடம் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். இயக்கத் தோழர்கள் சிலர், "இது கார்ப்பரேட் சான்றிதழ். நம் பிள்ளைகள் அரசு வேலைக்குப் படிக்கட்டும்" என்கிறார்கள். ஐ.டி. நண்பர்கள், "கிளவுடுக்குச் சாதி தெரியாது. திறமை இருந்தால் போதும், பாஸ் செய்தால் வேலை" என்கிறார்கள். இரண்டையும் நாங்கள் ஏற்கவில்லை.

முதலில் தோழர்களுக்கு. 2025 குரூப் 4 தேர்வுக்கு 3,935 பணியிடங்கள் அறிவிக்கப்பட்டன. விண்ணப்பித்தவர்கள் பதின்மூன்று லட்சத்துக்கும் மேல். அரசு வேலைக்கான போராட்டத்தை நாம் விடப்போவதில்லை. ஆனால் அந்த ஒரே வாசலில் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருக்கும் பெரிய கட்டடத்தை "அது அவர்களுடையது" என்று விட்டுக்கொடுப்பது என்ன அரசியல்? அரசியல் சட்டத்தின் 16(4) பிரிவு அரசுப் பணிகளோடு நின்றுவிடுகிறது. தனியார் துறையில் நமக்கு இடஒதுக்கீடு இல்லை. இல்லாத இடத்தில் உள்ளே போகக் கிடைக்கும் ஒவ்வொரு சாவியையும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தத் தேர்வு பட்டம் கேட்பதில்லை, எந்தக் கல்லூரி என்று கேட்பதில்லை. அந்த அளவில் இது ஒரு சாவிதான்.

இப்போது ஐ.டி. நண்பர்களுக்கு. சாவியின் விலையைக் கொஞ்சம் பார்ப்போம்.

கட்டணம் 150 டாலர். வரி சேர்த்தால் நம் பணத்தில் பதினைந்தாயிரத்தைத் தொடும். 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் நம் தூய்மைப் பணியாளர்கள் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கும். தனியார்மயமானால் மாதச் சம்பளம் பதினேழாயிரத்துக்குள் சுருங்கிவிடும் என்றுதான் அவர்கள் போராடினார்கள். அந்த வீட்டுப் பிள்ளைக்கு இந்தத் தேர்வு ஒரு மாதச் சம்பளம். தோற்றால் பதினான்கு நாள் காத்திருந்து மறுபடி முழுக் கட்டணமும் கட்ட வேண்டும். நடுத்தர வர்க்கத்து மாணவருக்கு முதல் முயற்சி என்பது ஒத்திகை. நம் மாணவருக்கு அதுவே கடைசியாகிவிடலாம்.

அடுத்தது மொழி. ஜப்பானியம், கொரியம், ஸ்பானியம், போர்த்துகீசியம் என்று பல மொழிகளில் இந்தத் தேர்வை எழுதலாம். தமிழில் எழுத முடியாது.

பிறகு அந்த அறை. வீட்டிலிருந்தே எழுதலாம் என்று விளம்பரம் சொல்கிறது. விதியைப் படித்தால், கதவு மூடிய அறையில் தனியாக இருக்க வேண்டும், அறையைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், இடையில் யார் உள்ளே வந்தாலும் தேர்வு ரத்தாகலாம். விதி எழுதியவர்கள் யாரையும் விலக்க நினைத்திருக்க மாட்டார்கள். படிக்க ஒரு தனி அறை எல்லோருக்கும் இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். இந்த நகரத்தில் அது யாருக்கு இருக்கிறது? 2022 மே மாதம் இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். நம் மக்களுக்கு வீடே இன்று இருக்கிறது, நாளை இல்லை என்ற கணக்கில்தான் இருக்கிறது.

அடையாறு பக்கம் காட்டுக்குள் இருக்கும் சென்னை ஐ.ஐ.டி.யை ஆய்வு செய்து அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் ஒரு நூல் எழுதினார். தலைமுறைகளாகச் சேர்ந்த சாதிச் சாதகங்கள் எப்படித் 'தகுதி' என்ற பெயரில் தனிமனிதச் சாதனையாக மாறித் தெரிகின்றன என்பதே அதன் மையம். எங்கள் படிப்பு வட்டத்தில் அதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். 1,000க்கு 720 எடுத்தால் தேர்ச்சி. அந்த 720இல் அறை, ஆங்கிலம், ஓய்வு நேரம், இரண்டாவது முயற்சிக்கான பணம் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. மதிப்பெண் தாளில் 720 மட்டும்தான் தெரியும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் நாங்கள் ஏழு பேரைத் தயார் செய்தோம். கற்றதைப் பகிர்கிறோம். இளைய தோழர்கள் உங்கள் பகுதியில் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

தேர்வில் 65 கேள்விகள், 130 நிமிடங்கள். 50 கேள்விகளுக்கு மட்டுமே மதிப்பெண். மீதி 15 சோதனைக் கேள்விகள். எவை என்று சொல்ல மாட்டார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, ஆகவே ஒன்றையும் காலியாக விடக் கூடாது. பாதுகாப்புக்கு 30 விழுக்காடு, ஒரு பகுதி விழுந்தாலும் மற்றது நிற்கும்படி கட்டமைப்பதற்கு 26, வேகத்துக்கு 24, செலவுக் குறைப்புக்கு 20 என்று பிரித்திருக்கிறார்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது 30 நிமிடம் கூடுதலாகக் கேட்டுப் பெறலாம். தேர்வு நாளைப் பதிவு செய்வதற்கு முன்பே தேர்வுக் கணக்கில் இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம் என்பது இரண்டரை நிமிடமாகும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், இது சலுகை இல்லை. 

இன்னொன்று பெயர். படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும். பெயருக்குப் பின்னால் சாதியை வெட்டியெறிந்த மண் நம்முடையது. நமக்கு இருப்பது இன்ஷியல்தான். அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே பதிவு செய்யுங்கள். பொருந்தாவிட்டால் தேர்வு நாளில் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும் ஆபத்து உண்டு.

பாடங்களைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அமேசானின் ஸ்கில் பில்டர் தளத்தில் இலவசப் பாடங்களும் மாதிரிக் கேள்விகளும் இருக்கின்றன. செய்துபார்க்கப் புதிய கணக்கு தொடங்குவோருக்கு, 2025 ஜூலையிலிருந்து, 200 டாலர் வரை இலவசத் தொகையும் ஆறு மாத அவகாசமும் கிடைக்கின்றன. ஆனால் 'நாட் கேட்வே' என்ற ஒன்றை உருவாக்கிவிட்டு அழிக்க மறந்தால், அது மட்டுமே மாதத்துக்கு 30 டாலருக்கு மேல் தின்றுவிடும். முதல் நாள் முதல் வேலையாகச் செலவு எச்சரிக்கையை அமைத்துவிடுங்கள். கட்டியதை அன்றிரவே அழித்துவிட்டுப் படுங்கள்.

கேள்விகள் கதையாக வரும். கதையில் ஒரு சொல்தான் விடையைத் தீர்மானிக்கும். ஒரு நிறுவனத்தின் பழைய கோப்புகளை எப்போதாவதுதான் யாராவது கேட்பார்கள், கேட்டால் உடனே கிடைக்க வேண்டும், செலவு குறைவாக இருக்க வேண்டும் என்று வரும். 'எஸ்3 கிளேசியர் டீப் ஆர்க்கைவ்' மிக மலிவானது என்று மனப்பாடம் செய்தவர் அதைத் தேர்ந்தெடுத்து ஏமாறுவார். அதிலிருந்து கோப்பை எடுக்க மணிக்கணக்கில் ஆகும். 'உடனே' என்ற சொல்லைப் பார்த்தவர் தப்பிப்பார். எங்கள் வட்டத்தில் ஒவ்வொரு கேள்வியையும் ஒருவர் சத்தமாகத் தமிழில் சொல்வார். தமிழில் சொல்ல முடியாவிட்டால் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

ஐ.ஏ.எம். என்ற அனுமதிப் பாடம் யாருக்கும் ஏறவில்லை. எதுவும் எழுதாவிட்டால் எல்லாமே மறுப்பு. அனுமதி என்று எழுதியிருந்தாலும், வேறொரு இடத்தில் மறுப்பு என்று ஒரு வரி இருந்தால் அந்த மறுப்புதான் செல்லும். மூன்று நாள் விளக்கினோம். ஒரு தம்பி திடீரென்று, "எங்க தாத்தா ஊரு கோயில் மாதிரிக்கா. சட்டத்துல அனுமதி இருக்கும், வாசல்ல மறுப்பு இருக்கும். மறுப்புதான் ஜெயிக்கும்" என்றார். சிரித்தோம். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை ஒருவரும் தவறவிடவில்லை.

ஒரு எச்சரிக்கை. தி.நகரில் ஒரு பயிற்சி மையத்தில் 'டம்ப்ஸ்' விற்கிறார்கள். திருடிய கேள்வித்தாள் தொகுப்பு. "நூறு சதவீதம் பாஸ்" என்று நம் பிள்ளைகளிடம் ஆறாயிரம் ரூபாய் கேட்டார்கள். பிடிபட்டால் சான்றிதழ் பறிபோகும். பிடிபடாவிட்டாலும் நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே வெளுத்துவிடும். அப்போது "இவங்களுக்கு இவ்வளவுதான்" என்று சொல்லக் காத்திருக்கும் வாய்க்கு நாமே அவல் போட வேண்டுமா?

அந்தத் தங்கை வீட்டில் எழுதவில்லை. தேர்வு மையத்துக்குப் போய் எழுதினார். முதல் முறை 698. இருபத்திரண்டு மதிப்பெண் குறைவு. அன்றிரவு அவர் வரவில்லை. மறுநாள் அவருடைய அம்மா வந்து, "இன்னொரு வாட்டி கட்ட எங்ககிட்ட இல்லம்மா, விட்டுடச் சொல்லுங்க" என்றார். குடியிருப்பில் நடக்கும் மகளிர் சீட்டில் அந்த மாதம் எடுக்க வேண்டிய பெண் தன் முறையை விட்டுக்கொடுத்தார். அந்தப் பணத்தில் இரண்டாம் முறை எழுதி 756 எடுத்தார். சான்றிதழ் மூன்று ஆண்டு செல்லும். அடுத்த தேர்வுக்குப் பாதிக் கட்டணச் சலுகையும் வந்தது. அதை அடுத்தது எழுதச் சேர்த்துவைத்திருக்கிறார்.

வேலை இன்னும் கிடைக்கவில்லை. மூன்று நேர்காணல் போனார். ஓர் இடத்தில் தொழில்நுட்பக் கேள்விகள் எல்லாம் முடிந்த பிறகு, "மயிலாப்பூர்ல எந்த ஏரியா?" என்று கேட்டிருக்கிறார்கள். சொன்னார். பிறகு அழைப்பு இல்லை. காரணம் அதுதான் என்று நிரூபிக்க எங்களிடம் எதுவும் இல்லை. ஆனால் சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான். நம் ஊரில் பெயரில் சாதி இல்லை, அதனால் முகவரியைக் கேட்கிறார்கள். வேலை கிடைத்து அமெரிக்காவுக்கே போனாலும் இது விடுவதில்லை. சிஸ்கோ நிறுவனத்தில் தலித் பொறியாளர் ஒருவர் சாதிப் பாகுபாட்டுக்கு உள்ளானார் என்று 2020இல் கலிஃபோர்னியா மாநில அரசே வழக்குப் போட்டது. சான்றிதழ் கதவு வரை கொண்டுபோகும். கதவுக்குப் பின்னால் நடப்பதற்குத் தனியார் துறை இடஒதுக்கீடும், பாகுபாட்டைத் தண்டிக்கும் சட்டமும் வேண்டும்.

அது நீண்ட போராட்டம். உடனே கேட்கக்கூடியவை மூன்று இருக்கின்றன. தாட்கோ நம் இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி நடத்துகிறது. 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறது. பயிற்சியோடு நிறுத்தாமல் தேர்வுக் கட்டணத்தையும், ஒருமுறை தோற்றால் இரண்டாவது கட்டணத்தையும் அவை ஏற்க வேண்டும். இரண்டாவது, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்க இடம் இருக்கிறது, நம் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கேதான் படிக்கிறார்கள். அதே நூலகத்தில் கேமராவும் இணையமும் உள்ள, கதவு மூடக்கூடிய சில தேர்வு அறைகள் வேண்டும். மூன்றாவது, மறுகுடியேற்றம் என்று கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்கு இதே வசதி அங்கேயே வேண்டும். ஓ.எம்.ஆர். கட்டடங்கள் அவர்கள் மொட்டைமாடியிலிருந்து தெரிகின்றன.

1894இல் அடையாறு ஊரூரில் ஆல்காட் நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். 1907இல் இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். அறிவின் விலை என்னவாக இருக்க வேண்டும் என்பதை இதழின் பெயரிலேயே எழுதிவைத்தவர் அவர். இன்று அதே நகரத்தில் விலை பதினைந்தாயிரமாகவும் ஒரு தனி அறையாகவும் இருக்கிறது.

எங்கள் அடுத்த வட்டம் தொடங்கிவிட்டது. இம்முறை பதினொரு பேர். ஐ.ஏ.எம். பாடம் எடுக்கப்போவது அந்தத் தங்கை. உங்கள் பகுதியில் ஒரு பலகையும் இரண்டு பழைய மடிக்கணினியும் இருந்தால் நீங்களும் தொடங்கலாம். தனியாகப் படித்தால் 698இல் நின்றுவிடுவோம். சேர்ந்து படிப்போம், சேர்ந்து கேட்போம்.

ஜெய் பீம்.