கண்ணாடியும் கண்ணும்

சென்ற மாதத்து மழையிரவு ஒன்றில், கொட்டாஞ்சேனையில் ஒரு திருமண வீட்டுக்குச் சென்றுவிட்டு, நண்பர் ஒருவரின் காரில் வெள்ளவத்தைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். காலி வீதியில் பாதசாரிகள் கடவை ஒன்றை நெருங்கியபோது நண்பர் திடீரெனப் பிரேக்கை மிதித்தார். கறுப்புக் குடை பிடித்த மூதாட்டி ஒருவர் வண்டிக்கு ஒரு முழம் முன்னே நின்றார். அவர் ஏசவில்லை; குடையை நிமிர்த்திக்கொண்டு மெல்லக் கடந்து போனார். "நான் அவரைக் காணவேயில்லை" என்றார் நண்பர். அவர் குரல் நடுங்கியது.

மூன்று நாட்களுக்கு முன்னர்தான் அவர் முன்கண்ணாடியில் கரிய பிலிம் ஒட்டுவித்திருந்தார். அன்று பகல் அதன் குளிர்ச்சியைப் புகழ்ந்தோர் வரிசையில் நாமும் இருந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

கண்ணாடிக்குக் காப்பாக ஒரு படலம் வேண்டும் என்ற எண்ணம் புதியதன்று. 1903ஆம் ஆண்டில் எடுவார் பெனடிக்டஸ் என்னும் பிரெஞ்சு அறிஞரின் ஆய்வுகூடத்தில் ஒரு குடுவை தவறி விழுந்தது. அது விரிசல் கண்டதேயன்றிச் சிதறவில்லை. உள்ளே உலர்ந்து படிந்திருந்த செலுலோசு நைத்திரேற்றுப் படலமே துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே படலத்தை வைத்து ஒட்டும் முறைக்கு அவர் 1909இல் காப்புரிமை பெற்றார். முதலாம் உலகப் போரில் அக்கண்ணாடி நச்சுவாயு முகமூடிகளில் பயன்பட்டது. வெயிலில் மஞ்சளாகும் அப்படலத்துக்குப் பதிலாக 1930களின் பிற்பகுதியில் வேறொரு பிளாஸ்டிக் வந்தது. இன்றைய கார்களின் முன்கண்ணாடிகள் இவ்வகையினவே.

கண்ணாடி சிதறினால் நேரும் கேட்டைக் கொழும்புவாசிகளுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1996 ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கி தாக்கப்பட்டபோது, கண்ணாடித் துண்டுகளால் பார்வை இழந்தோர் பலர்.

ஆகவே, காப்புப் படலம் முன்கண்ணாடியின் உள்ளேயே இருக்கின்றது. சூரியனின் புறவூதாக் கதிர்களையும் அது பெரும்பாலும் தடுத்துவிடுகின்றது. பக்கக் கண்ணாடிகளோ பெரும்பாலும் வெப்பத்தால் வன்மையூட்டப்பட்ட ஒற்றைத் தகடுகள். உடைந்தால் சிறுமணிகளாக உதிர்பவை. புறவூதாக் கதிர்களை அவ்வளவாகத் தடுக்காதவை. படலத்தின் பயன் அங்கேதான் அதிகம்.

மாணவர்கள் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். நூற்றுக்கு 80 பங்கு ஒளியை உள்ளே விடும் கண்ணாடியில், 50 பங்கை மட்டும் விடும் படலத்தை ஒட்டினால் எஞ்சுவது எவ்வளவு? 40 பங்கே! பகலில் அது போதுமானதாகத் தோன்றலாம். மழையும் இருளும் எதிர் விளக்கின் கூச்சமும் சேரும்போது, கறுப்புக் குடையும் சாம்பல் நிறச் சேலையும் கண்ணுக்கு எட்டாமற் போகின்றன. இந்தியாவின் வாகன விதி, முன்கண்ணாடி குறைந்தது 70 பங்கு ஒளியையேனும் விடவேண்டும் என்கின்றது. 2012 ஏப்ரல் 27ஆம் திகதி இந்திய உச்சநீதிமன்றம் கரும்படலங்களை ஒட்டுவதைத் தடை செய்தபோதும் இவ்வளவையே வலியுறுத்தியது.

வெயிலுக்கு அஞ்சுவோர் காரை மர நிழலில் நிறுத்தலாம். நிறுத்திய பின் உள்ளே மறைப்பு அட்டை வைக்கலாம். ஓடும் காரின் முன்கண்ணாடி மட்டும் தெளிவாக இருக்கட்டும். எமது உடம்பின் குளிர்ச்சிக்கு வீதியில் நடப்பவர் உயிரை விலையாகக் கொடுத்தல் தகுமா?

மறுநாட் காலையிலேயே நண்பர் அப்படலத்தை உரித்தெடுத்தார். உடனிருந்து உதவியதே எம்மாலான பரிகாரம்.