அரிய ஆர்க்கிட்டின் இடத்தை வெளியிடுவது குறித்து எங்கள் நிலைப்பாடு

பொதிகை மலைப் பக்கம் போய்வரும் ஆர்வலர்கள் செடிகளின் படங்களை அனுப்பிப் பெயர் கேட்கிறார்கள். தெரிந்தவரை சொல்கிறோம். ஆனால் அரிய செடி வளரும் இடத்தை நாங்கள் வெளியிட மாட்டோம். படம் எடுத்தவர்களும் வெளியிடக் கூடாது என்பதே எங்கள் நிலைப்பாடு. இதற்கு முதல் காரணம் பாபியோபெடிலம் ட்ரூரி என்ற ஆர்க்கிட்.

1874-இல் தாவரவியலாளர் பெடோம் விவரித்த இந்தச் செடி, உலகிலேயே பொதிகை அடங்கிய அகத்தியமலைத் தொடரில் மட்டும் இயற்கையாக வளர்கிறது. பூத்திருந்தால் அடையாளம் காண்பது எளிது. தண்டுக்கு ஒரே மஞ்சள் பூ. மேல் இதழிலும் பக்க இதழ்களிலும் நடுவே அரக்கு நிறப் பட்டை. முன்னால் செருப்பின் நுனிபோல ஒரு பை. பூவில்லாதபோது தெரிவது தடித்த, புள்ளிகளற்ற பச்சை இலைகள்தான். இலைப்படத்தை மட்டும் வைத்து நாங்கள் உறுதி சொல்வதில்லை. பறித்த பூவின் படத்துக்குப் பதிலே கிடையாது.

வேரோடு பெயர்த்து விற்றதும் காட்டுத்தீயும் சேர்ந்துதான் இதை அழிவின் விளிம்புக்குத் தள்ளின. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பெயர்த்தெடுப்பது குற்றம். அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலிலும் இருக்கிறது. இருந்தும் கவலை தீரவில்லை. இதன் விதை தூசியளவுதான், உள்ளே உணவுச் சேமிப்பு கிடையாது. தக்க பூஞ்சை துணைக்கு வராவிட்டால் காட்டில் முளைக்காது. பத்துச் செடியைப் பெயர்த்துவிட்டு, விதை விழுந்து தானாக வந்துவிடும் என்று சமாதானம் சொல்ல முடியாது.

இடம் தெரிந்தால்தானே காப்பாற்ற முடியும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வனத்துறைக்கும், அனுமதி பெற்ற ஆய்வாளர்களுக்கும் முழு விவரத்தையும் தருகிறோம். தீத்தடுப்புக் கோடு போட அவர்களுக்கு அது தேவை. ஊருக்கெல்லாம் தேவையில்லை.

ஆர்வலர்கள் உயிரினப் படங்களைப் பதிவேற்றும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் அழியும் நிலையிலுள்ள இனங்களின் இடத்தைச் சுமார் 22 கிலோமீட்டர் கட்டத்துக்குள் மங்கலாக்கிவிடுகிறது. ஆனால் படத்தின் பின்னணியில் எல்லோருக்கும் தெரிந்த பாறை நின்றால் அந்த மறைப்பு வீண். வாட்ஸ்அப்பில் படத்தை 'டாக்குமென்ட்'டாக அனுப்பினால், கேமரா பதிந்த ஜிபிஎஸ் எண்ணும் கூடவே போய்விடும். ஆகவே நெருங்கி, பூவை மட்டும் எடுங்கள். இருப்பிடப் பதிவை முன்பே அணைத்துவிடுங்கள்.

இந்தச் செடியை விற்பதாக விளம்பரம் கண்ணில் பட்டால் குழுக்களில் பகிர வேண்டாம், எங்களுக்கும் அனுப்ப வேண்டாம். நேரே வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.