எல்லா கேமையும் ஒரே சாக்கில் கட்டாதீர்கள்

அன்புள்ள பழைய மாணவர்களே, சொந்தபந்தங்களே,

நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக ஒரே பாட்டுதான்: "கேம் விளையாடுற பிள்ளை உருப்படாது." ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கணக்கில் குறைந்த மதிப்பெண் வாங்கியதற்காக அவன் போனைத் தரையில் அடித்து உடைத்ததைக்கூடப் பெருமையாகப் போட்டிருந்தார்கள். அதற்குக் கைதட்டல் வேறு. தட்டியவர்களில் சிலர் என்னிடமே படித்தவர்கள். அதனால்தான் இந்த நீளமான பதிவு.

2000ஆம் ஆண்டுவாக்கில் நம் பள்ளிக் கம்ப்யூட்டர் அறையில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. கீபோர்டில் ஒருவன், அவன் தோளுக்குப் பின்னால் ஏழு பேர். "ஷிஃப்ட்டைப் பிடிடா", "இப்போ குதிடா" என்று கூச்சல். உருப்படாமலா போய்விட்டீர்கள்? வங்கியில் இருக்கிறீர்கள், கம்பத்தில் சொந்தக் கடை வைத்திருக்கிறீர்கள், துபாயில் இருக்கிறீர்கள்.

போன மாதம் பேத்தியின் லேப்டாப்பில் அதை மறுபடி முதலிலிருந்து ஆடிப் பார்த்தேன். இன்டர்நெட் ஆர்க்கைவில் பழைய டாஸ் விளையாட்டுகளோடு அதுவும் இருக்கிறது. ஆடி முடித்தபோது ஒன்று தெளிவானது: இதையும் இன்றைய பணம் பிடுங்கும் ஆட்டங்களையும் ஒரே பெயரால் அழைப்பதே தப்பு.

1989இல் வந்தது. ஜோர்டான் மெக்னர் என்ற இளைஞர் தம்பியை ஓடவிட்டு, குதிக்கவிட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்து ஒவ்வோர் அசைவாக வரைந்தார். இசை அவருடைய அப்பா. கம்ப்யூட்டர் நினைவகத்தில் புது எதிரிக்கு இடமில்லை என்றதும், இளவரசனின் உருவத்தையே நிழலாக மாற்றி எதிரியாக்கினார். பற்றாக்குறையிலிருந்து பிறந்த யோசனை அது. நம் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் எது?

தரையிலிருந்து முள்கம்பிகள் எழும் இடம் நினைவிருக்கிறதா? ஓடினால் சாவு. ஒவ்வோர் அடியாக நடந்தால் ஒன்றும் ஆகாது. கடைசிக் கட்டத்தில் அந்த நிழல் வாளோடு எதிரே வரும். அதை வெட்டினால் உன் உயிர்தான் குறையும். வாளை உறையில் போட்டால்தான் இருவரும் ஒன்றாகி வழி திறக்கும். பன்னிரண்டு கட்டம், அறுபது நிமிடம். தோற்றால் மறுபடி முயல வேண்டும். காசு கட்டி உயிர் வாங்க முடியாது. வென்றால் ஆட்டம் முடிந்தது, எழுந்து போய்ச் சாப்பிடலாம்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. இளவரசி அறையில் காத்துக்கிடக்கிறாள். ஒரு சுண்டெலியை அனுப்பிக் கதவு திறக்க உதவுவதோடு அவள் பங்கு சரி. பேத்தி அதைத்தான் முதலில் கேட்டாள். கேள்வி கேட்க வைத்ததே நல்லதுதான்.

இப்போது உங்கள் கோபத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து உயிரை விட்டவர்களின் செய்திகளை நாம் எல்லோரும் படித்தோம். அதனால்தான் நீதிபதி சந்துரு குழு அமைந்தது, 2022இல் மாநிலச் சட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. ஆனால் அந்தச் சட்டமே இ-ஸ்போர்ட்ஸையும் பணம் வைக்காத விளையாட்டுகளையும் தனியாகப் பிரித்து வைக்கிறது. சட்டத்துக்குத் தெரிந்த வித்தியாசம் நமக்குத் தெரிய வேண்டாமா? ரம்மியில் பணத்தைத் தொலைத்தவர்கள் பெரியவர்கள். போன் உடைபடுவது பிள்ளைகளுடையதா?

சோறூட்டும்போது அழுகையை நிறுத்த இரண்டு வயதில் போனைக் கையில் கொடுத்தது யார் மாமா? பத்து வருடம் கழித்து, அந்தக் கையிலிருந்தே பிடுங்கி உடைப்பது என்ன நியாயம்? உடைந்த போனால் கணக்கு வராது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் வரும்.

பிள்ளை ஆடும் ஆட்டத்தை ஒரு அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இரண்டே கேள்வி கேளுங்கள். இதற்கு முடிவு உண்டா? தோற்றால் காசு கேட்கிறதா? முடிவே இல்லாமல் காசு கேட்டால் தயங்காமல் நிறுத்துங்கள், நானும் உங்கள் பக்கம்தான். அப்படி இல்லையென்றால், கீபோர்டை ஒருமுறை நீங்களும் வாங்கி ஆடிப் பாருங்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இங்கேயே கீழே எழுதலாம். ஆனால் மூன்றாம் கட்டமாவது தாண்டிவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்,
அனுமந்தன்பட்டி