வண்டி நம்முடையது, நோட்டீஸ் யாருடையது?

சென்ற மாதம் ஒரு மாலை, தாராபுரத்தில் நமது சங்க அலுவலகத்துக்கு நான்கு வாலிபர்கள் வந்தார்கள். இருவர் பஞ்சாலையில் ராத்திரி ஷிப்ட் பார்ப்பவர்கள். ஒருவர் மூலனூர்ப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வருபவர். நாலாமவர் கோயமுத்தூரில் பைக் டாக்சி ஓட்டுபவர், நோம்பிக்கு ஊருக்கு வந்திருந்தார். கையில் ஒரு கட்டு நோட்டீஸ். இரு சக்கர வாகன ஓட்டிகளின் உரிமைக்கு ஒரு சங்கம் தொடங்குகிறார்களாம். கட்டாய ஹெல்மெட்டையும் அபராதத்தையும் ரத்துச் செய்யக் கோரி ஊர்வலம் போகிறார்களாம். “நம்ம சங்கமும் கையெழுத்துப் போடோணுங்க, தோழர்” என்று கேட்டார்கள்.

நோட்டீசை வாசித்தோம். வாசகங்கள் சூடாகவே இருந்தன. ஆனால் கடைசி வரிக்குக் கீழே நம் கண் நின்றுவிட்டது. அங்கே வண்டி விற்கும் கடை ஒன்றின் விளம்பரம். அதன் பக்கத்திலேயே வண்டிக்குக் கடன் கொடுக்கும் கம்பெனி ஒன்றின் விளம்பரம். அச்சுக்கூலி யார் கொடுத்தது என்று கேட்டோம்.

“அவங்கதானுங்க. மைக் செட்டுக்கும் அவங்களே தர்றதாச் சொல்லியிருக்காங்க” என்றார்கள், ஒளிவுமறைவு இல்லாமல்.

பையன்கள் மீது நமக்குக் குறை இல்லை. அவர்களுடைய ஆத்திரம் நியாயமானது. ஷிப்ட் முடிகிற நேரத்தில் கிராமத்துக்குப் பஸ் இல்லை. ஆகவே கடன்பட்டு வண்டி வாங்குகிறான் தொழிலாளி. ஆடம்பரத்துக்கு வாங்கவில்லை, கூலிக்குப் போக வாங்கினான். டெல்லி சர்க்கார் 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் புதிய அபராதங்கள் அமலுக்கு வந்தன. ஹெல்மெட் இல்லாதவனுக்கு 100 ரூபாயாக இருந்த அபராதம் ஒரே தாவலில் 1000 ரூபாயாயிற்று. களை வெட்டப் போகும் ஒரு பெண்ணுக்கு இது எத்தனை நாள் கூலி என்று நமது வாசகர்களுக்கு யாரும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இருந்தாலும் ஹெல்மெட்டே வேண்டாம் என்ற கோரிக்கையில் நாம் கையெழுத்திட முடியாது. 2022-ஆம் ஆண்டில் இந்த நாட்டின் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். இது சர்க்காரே வெளியிட்ட கணக்கு. இவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட் போடாமல் செத்தவர்கள் மட்டும் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். பல நாட்டு ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்துப் பார்த்த மருத்துவ நிபுணர்கள், ஹெல்மெட் சாவை நூற்றுக்கு 42 பங்கும் தலைக்காயத்தை 69 பங்கும் குறைக்கிறது என்று 2008-லேயே கண்டிருக்கிறார்கள். காங்கயம் ரோட்டிலும் ஒட்டன்சத்திரம் ரோட்டிலும் ராத்திரியில் விழுகிற தலைகள் யாருடைய தலைகள்? மில் முதலாளி காருக்குள் போகிறார். விழுவது நம் தலை.

அப்படியானால் விஷயம் எங்கே இருக்கிறது? அந்த நோட்டீசில் இல்லாத வரிகளில் இருக்கிறது.

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 138-ஆம் விதி என்று ஒன்று உண்டு. இரு சக்கர வண்டி விற்கும்போதே, தரமுத்திரைக்குத் தகுதியான ஹெல்மெட் ஒன்றைத் தயாரிப்பாளர் கொடுக்க வேண்டும் என்று அது சொல்லுகிறது. நமது வாசகர்களில் எத்தனை பேர் வண்டியோடு ஹெல்மெட் வாங்கினீர்கள்? வாங்கியவர்கள் பில்லை எடுத்துப் பாருங்கள். ‘ஆக்சசரீஸ்’ என்று ஒரு வரியில் அதன் விலை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஹெல்மெட் போடாத கூலிக்காரனை மடக்க ஒவ்வொரு முக்கிலும் போலீஸ் நிற்கிறது. ஹெல்மெட் கொடுக்காத கம்பெனியை மடக்க எந்த முக்கில் யார் நிற்கிறார்கள்? வண்டிக்காரனின் உரிமை என்று பேச வந்தவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. நோட்டீசில் இதைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை. எப்படி இருக்கும்? மைக் செட்டுக்குப் பணம் தருகிறவன் கடைக்காரன் அல்லவா!

பிரேக் சமாசாரமும் இதே கதைதான். சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். என்ற கருவி இருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் அது கட்டாயமாயிற்று. அதற்குக் கீழ்ப்பட்ட வண்டிகளுக்கு, அதாவது மொபெட்டுக்கும் சிறிய பைக்குக்கும், இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிற மலிவான ஏற்பாடே போதும் என்று விட்டார்கள். காசுள்ளவனுக்கு நல்ல பிரேக், மொபெட்டில் உரமூட்டையும் பெண்டாட்டி பிள்ளையும் ஏற்றிப் போகிறவனுக்கு மட்டமான பிரேக். எல்லா வண்டிக்கும் ஏ.பி.எஸ்., வண்டியோடு இரண்டு ஹெல்மெட் என்று 2025 ஜூனில் மத்திய சர்க்கார் ஒரு வரைவு வெளியிட்டதும், விலை ஏறும் என்ற கூப்பாடு கிளம்பியது. விலை ஏறாமல் லாபத்தில் கொஞ்சம் குறையட்டும் என்று சொல்ல, ஓட்டிகள் தரப்பில் ஒரு பலமான சங்கம் இல்லை.

ஹெல்மெட்டை எதிர்க்கிறவர்கள் பலவகை. 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். கிருபாகரன் போட்ட உத்தரவினால் ஜூலை 1 முதல் ஹெல்மெட் கெடுபிடி வந்தது. நினைவிருக்கும், கடைகளில் கூட்டம் அலைமோதியது, விலை ஏறியது, பிளாட்பாரத்தில் ஓட்டை ஹெல்மெட் விற்றவர்கள்கூடக் காசு பார்த்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மதுரை வழக்கறிஞர்கள் கட்டாய ஹெல்மெட்டை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். விவகாரம் நீதிமன்ற அவமதிப்பு வரை முற்றியது. அவர்கள் சுயலாபத்துக்குப் போனார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். விபத்து நஷ்டஈட்டு வழக்கு வந்தால், செத்தவன் ஹெல்மெட் போடவில்லை, ஆகவே அவனுக்கும் குற்றத்தில் பங்குண்டு என்று இன்சூரன்ஸ் கம்பெனி வாதாடுகிறது. நஷ்டஈட்டில் ஒரு பங்கை வெட்டிய தீர்ப்புகள் உண்டு. தெருவில் ‘ஹெல்மெட் வேண்டாம்’ என்று ஒரு வக்கீல் கோஷம் போடலாம், கோர்ட்டில் ‘ஹெல்மெட் இல்லை’ என்று இன்னொரு வக்கீல் வாதாடலாம். இரண்டு பேருக்கும் வேலை உண்டு. நஷ்டப்படுவது விதவைதான்.

இந்த நோய் நம் ஊரில் பிறந்ததல்ல. மோட்டார்சைக்கிள் ஓட்டிகளின் உரிமை இயக்கம் பெரிதாக வளர்ந்த நாடு அமெரிக்கா. அங்கே ஓட்டிகளின் பழைய பெரிய சங்கமான அமெரிக்க மோட்டார்சைக்கிளிஸ்ட் அசோசியேஷன் 1924-ல் எப்படிப் பிறந்தது தெரியுமா? வண்டி தயாரிப்பவர்களும் விற்பவர்களும் சேர்ந்த வியாபாரச் சங்கத்தின் மடியில் பிறந்தது. பிற்காலத்தில் விபத்து வழக்கு நடத்தும் வக்கீல்களின் அமைப்பு ஒன்று, தன் பீசில் ஒரு பங்கைக் கொடுத்து, ஓட்டிகள் சங்கங்களின் கூட்டணி ஒன்றை நடத்திவந்தது. அடிபட்டவனுக்கு வழக்கு நடத்துவது குற்றமல்ல. ஆனால் அடிபடுகிறவன் இருந்தால்தான் வருமானம் என்கிற இடத்திலிருந்து பணம் வாங்கிக்கொண்டு, அடிபடாமல் இருக்கும் வழியைப் பற்றி ஒரு சங்கம் நடுநிலையோடு பேச முடியுமா? அந்த நாட்டு ஓட்டிகளே இந்தக் கேள்வியைத் தங்களுக்குள் கேட்டுச் சண்டை போட்டிருக்கிறார்கள். இதற்கிடையில், ஹெல்மெட் சட்டம் இல்லாத மாகாணங்களுக்குச் சாலை நிதியை வெட்டும் அதிகாரத்தை 1976-ல் அந்நாட்டு காங்கிரஸ் எடுத்துவிட்டது. மாகாணம் மாகாணமாகச் சட்டம் தளர்ந்தது. ‘சுதந்திரம்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

சுதந்திரம் என்ற சொல்லை நம் பைக் டாக்சி வாலிபரும் சொன்னார். “எனக்கு முதலாளி இல்லீங்க, நான் சுதந்திரமா ஓட்டறேன்” என்றார். ஆப்பில் வருகிற கட்டணத்தை நிர்ணயிப்பது யார் என்று கேட்டோம். கம்பெனி என்றார். ஐ.டி.யை நிறுத்தி வைப்பது யார் என்று கேட்டோம். அதற்கும் கம்பெனி என்றுதான் சொன்னார், கொஞ்சம் மெதுவாக.

2020 நவம்பரில் கலிபோர்னியாவில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. ஆப் டிரைவர்கள் தொழிலாளிகளா இல்லையா என்பது விவகாரம். தொழிலாளி அல்ல என்று ஆக்குவதற்கு ஊபர், லிஃப்ட், டோர்டாஷ் முதலிய கம்பெனிகள் 20 கோடி டாலருக்கு மேல் கொட்டின. விளம்பரங்களில் பேசியவர்கள் டிரைவர்கள், பணம் கம்பெனியுடையது. கம்பெனிகள் ஜெயித்தன. அடுத்த 2021 பிப்ரவரியில் பிரிட்டனின் சுப்ரீம் கோர்ட் ஊபர் டிரைவர்கள் தொழிலாளிகளே என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கை டிரைவர்களே நடத்தினார்கள். இந்த வித்தியாசத்தை நம் வாலிபர் கவனித்துக் கேட்டுக்கொண்டார்.

நம் பக்கத்து மாநிலத்திலும் பார்த்தோம். கர்நாடக உயர் நீதிமன்றத்தின் 2025 ஏப்ரல் தீர்ப்பையொட்டி, ஜூன் 16 அன்று அங்கே பைக் டாக்சிகள் நின்றன. பிழைப்புப் போயிற்றே என்று ஓட்டிகள் தெருவுக்கு வந்தார்கள். ஓட்டிகளின் பிழைப்பைக் காட்டிக் கம்பெனிகளும் வாதாடின. பிழைப்பு என்ற வாதம் உண்மையானதே. ஆனால் வைப்பு நிதியும் விபத்து இன்சூரன்சும் கேட்கும்போது இதே கம்பெனிகளுக்கு இந்த ஓட்டி தொழிலாளி அல்ல, வெறும் ‘பார்ட்னர்’.

இங்கே நம்முடைய குறையையும் மறைக்காமல் எழுத வேண்டும். ஆட்டோ தோழர்கள் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். பெர்மிட், எப்.சி., வாடகை வண்டி இன்சூரன்ஸ் என்று கட்டி நிற்கிறவனுடைய சவாரியை, சொந்த வண்டிக்குரிய வெள்ளை போர்டோடு வரும் பைக் பறித்துக்கொண்டு போகிறது என்பது அவர்கள் முறையீடு. அது மெய். வெள்ளை போர்டு வண்டி வாடகைக்கு ஓடி அடிபட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிட வழி இருக்கிறது என்பதும் மெய். ஆகவே ‘பைக் டாக்சியை ஒழி’ என்று ஸ்டாண்டில் கோஷம் எழுகிறது. ஆனால் அந்தப் பைக்கை ஓட்டுகிறவன் யார்? மூடிய மில்லிலிருந்து வெளியே வந்தவனின் மகன். கூட்டத்தில் நாம் ஆட்டோ தோழர்களுக்குக் கை தட்டிவிட்டு, இந்தப் பையனைச் சந்திக்காமலே இருந்துவிட்டோம். கடைக்காரன் நமக்கு முன்னால் போய் அவனைச் சந்தித்திருக்கிறான். சந்தாதாரனுக்குப் பயந்து உண்மையைப் பாதி பேசுவதும், விளம்பரக்காரனுக்குப் பயந்து பேசாதிருப்பதும் ஒன்றேதான் என்று நம்மில் ஒரு தோழர் சொன்னார். பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

வாலிபர்களிடம் நமது அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொன்னோம். விளம்பரக் காசைத் திருப்பிக் கொடுங்கள். வண்டி ஓட்டுகிறவனிடம் மட்டும் சந்தா வாங்குங்கள், வரவு செலவைச் சங்கப் பலகையில் எழுதி மாட்டுங்கள். ஹெல்மெட்டை எதிர்க்காமல், 138-ஆம் விதிப்படி ஹெல்மெட் கொடுக்காத கம்பெனிமீது நடவடிக்கை கேளுங்கள். கூலிக்காரனின் 1000 ரூபாய் அபராதத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், ஷிப்டுக்குப் பஸ் கேளுங்கள். பைக் டாக்சி ஓட்டிகளும் ஆட்டோக்காரர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, கம்பெனி தர வேண்டியது என்ன என்று பேசட்டும். தமிழ்நாடு சர்க்கார் 2023-ல் ஆப் தொழிலாளருக்கு ஒரு நல வாரியம் அமைத்தது. அதில் எத்தனை பேர் பதிந்திருக்கிறீர்கள் என்றும் கேட்டோம். நான்கு பேரில் ஒருவரும் பதியவில்லை.

இரண்டு பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள். மைக் செட் போய்விடுமே என்பது அவர்கள் கவலை. மற்ற இருவர், பஞ்சாலைத் தோழர் ஒருவரும் பைக் டாக்சி வாலிபரும், நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தார்கள். ஸ்டாண்டிலிருந்து மூன்று ஆட்டோ தோழர்களை நாம் கூப்பிட்டிருந்தோம். முதல் அரை மணி நேரம் சண்டைதான். ஆட்டோ தோழர் ஒருவர் கோபித்துக்கொண்டு டீ குடிக்காமலே எழுந்து போனார், வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

சந்தா மாதம் பத்து ரூபாய் என்று பேச்சு முடிந்திருக்கிறது. ரசீதுப் புத்தகம் அச்சில் இருக்கிறது, கூலியை ஐந்து பேரும் பங்கிட்டுக் கொடுத்தார்கள். அடுத்த ஞாயிறு மாலை நமது அலுவலகத்தில் மறுபடி கூடுகிறார்கள். வண்டி வாங்கிய பில் வைத்திருக்கும் தோழர்கள் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு வரவும்.