அழிச்சிட்டு மறுபடி போடு!

பைத்தான்ல நம்பை மக்கர் பண்ணுதுன்னு யார்கிட்டயாவது சொல்லிப் பாருங்க மக்களே. "அழிச்சிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணுங்க." பேய் பிடிச்சவனுக்கு வேப்பிலை அடிக்கிற அதே வைத்தியம். பிழைச்செய்தி என்ன சொல்லுதுன்னு கேட்க ஒருத்தருக்கும் பொறுமை இல்லை.

வட்டக்கானல்ல மேகம் இறங்கினா எங்க வீட்டு சிக்னலும் இறங்கிடும். சும்மா சும்மா டவுன்லோடு பண்ண இங்க நெட் எங்க இருக்கு? சரி, அது என் புலம்பல். வைத்தியமே தப்புங்கிறதுதான் என் கட்சி.

2020-ல் நடந்ததைப் பாருங்க. விண்டோஸ் 10-இன் 2004 பதிப்புல (வருஷம் இல்லைங்க, பதிப்பு எண் :-)) வகுத்து மீதி காணும் எஃப்மாட் ஃபங்ஷன்ல ஒரு கோளாறு. பூஜ்ஜியத்துக்கு மீதி கேட்டா, பிராசசரின் தசமக் கணக்குப் பகுதியைக் கலைச்சுப் போட்டுட்டுப் போயிடும். பின்னாடி வர்ற ஓப்பன்பிளாஸ், அதாவது நம்பைக்கு மேட்ரிக்ஸ் கணக்கு போட்டுத் தர்ற லைப்ரரி, அந்தக் குப்பை மேல உட்கார்ந்து 'நான்'னு விடை தரும். நம்ம 'நான்' இல்லை, 'எண்ணே அல்ல' என்கிற நான். நம்பைக்காரங்க அக்டோபர்ல 1.19.3-ல் ஒட்டுப் போட்டாங்க. அது டாக்கர்ல உதைச்சது. நவம்பர்ல 1.19.4-ல் ஒட்டைப் பிரிச்சுட்டு, இம்போர்ட் பண்ணும்போதே சோதிச்சு, கோளாறு இருந்தா நிக்க வச்சாங்க. இப்ப நீங்க அழிச்சு அழிச்சுப் போட்டா? பத்து தடவையும் அதே 1.19.4 தான் வந்து நிக்கும். 1.19.3-ஐக் கேட்டு வாங்கணும், இல்லாட்டி 2021-ல் மைக்ரோசாஃப்ட் திருத்தம் விடுற வரைக்கும் காத்திருக்கணும்.

2024 ஜூன்ல நம்பை 2.0 வந்தப்பவும் இதே கூத்து. பழைய 1.x-க்கு கம்பைல் பண்ணின பொதிகள் படுத்துக்கிச்சு. நோயாளி அந்தப் பொதி, ஊசி நம்பைக்கு!

இந்த மலை மேலதான் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இருக்கு. 1909-ல் எவர்ஷெட், சூரியப் புள்ளிகள்ல வாயு வெளிப்பக்கமா ஓடுறதைக் கண்டுபிடிச்ச இடம். 1904-லிருந்து எடுத்த சூரியப் படங்கள் டிஜிட்டலாகி பொதுவில் கிடக்கு. இங்கத்த பிள்ளை ஒண்ணு அதை எடுத்து கரும்புள்ளி அளக்க உட்காருதுன்னு வைங்க. மூணு தடவை அழிச்சுப் போட்டும் ஓடலைன்னா, "இது நமக்கு வராது"ன்னு மூடி வச்சிடும். வேப்பிலை அடிச்சவருக்கு அது தெரியவே போறதில்லை.

நான் முதல்ல கேட்கிறது ஒண்ணுதான்: நம்பை எந்த ஃபோல்டர்லேர்ந்து வருதுன்னு அச்சிடு. பாதிப் பேருக்கு பிப் ஒரு பைத்தான்ல போட்டிருக்கும், ஓடுறது இன்னொண்ணா இருக்கும். மிச்சப் பேர்ல சிலர் தன் ஃபைலுக்கே நம்பைன்னு பேர் வச்சிருப்பாங்க. அதை எத்தனை தடவை அழிச்சுப் போடுவீங்க சாமி?