தோள் தாங்காத கேமராவுக்கு இஎம்ஐ எதற்கு?

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரம். எங்கள் கிளையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, மதுரைப் பக்கத்துப் பையன், டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"சார், ரெண்டு லட்சம் பர்சனல் லோன் போட்டா மாசம் எவ்ளோ சார் கட்டணும்?"

"எதுக்குப்பா, கல்யாணமா?"

"இல்ல சார். கேமரா."

எனக்குப் புரை ஏறிவிட்டது.

விசாரித்தால் விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவும் கையுமாக மலைக்கும் ஏரிக்கும் போகும் ஒரு கோஷ்டியில் சேர்ந்திருக்கிறான். அங்கே உள்ள பெரியண்ணன்கள், "ஃபுல் ஃப்ரேம் இல்லாம வந்து என்ன பண்ணப் போறே? 600 மி.மீ. இல்லேன்னா பறவையையே மறந்துடு" என்று மந்திரம் ஓதியிருக்கிறார்கள். பையனுக்கு வேலை இன்னும் நிரந்தரம்கூட ஆகவில்லை. அதற்குள் கடன்.

அவனிடம் சொன்னதை இங்கேயும் கொட்டிவிடுகிறேன். ஏனென்றால் அந்தக் குழியில் ஏற்கெனவே விழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தவன் அடியேன்.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். வெளியில் போய்ப் படம் எடுக்கிறவன் கேமராவைக் கடைக் கண்ணாடிப் பெட்டியில் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. தோளில் மாட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாள் முழுக்கச் சுமக்க முடியாத கேமரா எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் நமக்கு அது வாராக்கடன்தான்.

கல்யாணில் இருக்கிறவர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. மும்பையிலிருந்து வரும் தண்டவாளம் இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கை கசாரா பக்கம், ஒரு கை கர்ஜத் பக்கம். எந்தக் கையைப் பிடித்துக்கொண்டு போனாலும் கடைசியில் சஹ்யாத்ரி மலை. முர்பாட் வழியாக சாலையில் போனால் மால்சேஜ் காட். தாணேயில் மாறி ஐரோலி போனால் கடற்கழியில் பூநாரைகள். காரே வேண்டாம், பாஸ் இருந்தால் போதும்.

ஆனால் அந்த லோக்கலில் ஏற வேண்டுமே! கல்யாணில் லோக்கல் ஏறுவது என்னவென்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதுகில் பெரிய பையோடு ஏறினால், "பாவூ, பேக் ஆகே லோ" என்று நாலு பக்கமும் குரல் வரும். பையை முன்னால் மாட்டு என்கிறார்கள். நியாயம்தான். என் பை அடைத்துக்கொள்ளும் இடம் இன்னொரு மனிதன் நிற்க வேண்டிய இடம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இல்லையே என்பீர்கள். ஞாயிறு என்றால் மெகா பிளாக். வண்டி குறையக் குறைய, வருகிற வண்டியில் கூட்டம் ஏறும்.

2016-ல் நான் 1,80,000 ரூபாய் கடன் போட்டேன். 12 சதவீத வட்டி, 36 மாதம். மாதத் தவணை சுமார் 5,980. ஒரு பெரிய பாடி, ஒரு பொது லென்ஸ், இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும் ஒரு டெலி ஜூம். ட்ரைபாட், ஃபிளாஷ், பை எல்லாம் கைக்காசு. ஒருநாள் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்து எடை போட்டேன் (தங்கமணி பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது). சாமான் மட்டும் 8 கிலோ. தண்ணீர், சாப்பாடு, மழைக்கோட்டு சேர்த்தால் 11 கிலோ. நாலு மாதக் குழந்தையின் எடை ஆறேழு கிலோதான். அதையே அரை மணி நேரம் தூக்கினால் கை மாற்றுகிறோம்.

அந்தப் பையோடு கல்சுபாய் போனேன். 1,646 மீட்டர், மகாராஷ்டிராவிலேயே உயரமான சிகரம். பாரி கிராமத்திலிருந்து ஏற வேண்டும், செங்குத்தான பாறைகளில் இரும்பு ஏணி போட்டிருப்பார்கள். முதல் ஏணியிலேயே ட்ரைபாட் கம்பியில் மாட்டிக்கொண்டது. மூச்சு வாங்கியது. கடைசியில் கிராமத்துப் பையன் ஒருவனிடம் 400 ரூபாய் பேசிப் பையைக் கொடுத்தேன். அவன் ஆடு மாதிரி தாவி ஏறிப் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் மேகம் விலகிப் பள்ளத்தாக்கு முழுவதும் வெயில் விழுந்தது. மூன்று நிமிடம் இருக்கும். கேமரா உச்சியில், நான் ஏணியில். நான் போய்ச் சேர்ந்தபோது மறுபடியும் வெள்ளைத் திரை மூடிவிட்டது. பையன் மட்டும், "நல்லா இருந்துச்சு சார், நீங்க பார்த்தீங்களா?" என்று மராத்தியில் கேட்டான்.

இதையும் சொல்லிவிடுகிறேன். இப்படி ஊர்ப் பையன்கள் முதுகில் ஏறிப்போகும் லென்ஸ்கள் எத்தனையோ. படத்தின் மூலையில் நம் பெயரைப் பெரிதாகப் போட்டுக்கொள்கிறோம். சுமந்தவன் பெயர் எங்கேயும் வருவதில்லை. கூலி கொடுத்தேனே என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது செரிக்கவில்லை.

இதாவது போகட்டும். அடுத்தது இன்னும் உறுத்துகிறது.

2018 டிசம்பரில் அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். மாத்தேரான் கூட்டிப்போனேன். அங்கே மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி கிடையாது, தஸ்தூரி நாக்காவோடு டாக்சி நின்றுவிடும். மேலே அமன் லாட்ஜிலிருந்து குட்டி ரயில், மீதி நடை. ஒரு கையில் அப்பாவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொரு கையில் ஃபிளாஸ்க், மாத்திரை, சால்வை. கேமரா பையை எங்கே மாட்டுவது? வீட்டிலேயே வைத்துவிட்டேன். எக்கோ பாயிண்ட்டில் அப்பா சின்னப் பிள்ளை மாதிரி "ஹோய்" என்று கத்திவிட்டு, பதில் வந்ததும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். பழைய செல்போனில் ஒரு படம் எடுத்தேன். வெளிச்சம் அவருக்குப் பின்னால். முகம் கறுப்பாகத்தான் விழுந்தது.

2020-ல் அப்பா போய்விட்டார். அந்த நாளுக்கு என்னிடம் மிச்சம் அந்த ஒரு கறுப்பு முகம்தான். அன்று மத்தியானம் ஒன்றே முக்கால் லட்சத்துக் கேமரா கல்யாணில் பீரோவுக்குள் படுத்துக்கொண்டிருந்தது. அந்த மாதத் தவணை மட்டும் தேதி தவறாமல் போயிற்று.

சரி, பி.காம். படித்ததற்குக் கணக்கையும் பார்த்துவிடலாம். மூன்று வருடத்தில் நான் கட்டியது 2,15,000 ரூபாய் சுமார். அதில் வட்டி மட்டும் 35,000. பீரோவில் கிடந்த லென்ஸுக்குள் ஒரு மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்தது, என் அஜாக்கிரதைதான். விற்றபோது எல்லாமாகச் சேர்த்து 70,000 வந்தது. நிகரச் செலவு 1,45,000. இந்தப் பையோடு நான் வெளியே போனது 11 தடவை. ஒரு தடவைக்கு 13,000 ரூபாய்க்கு மேல்! கிளையில் ஒரு வாடிக்கையாளர் இப்படி ஒரு திட்டத்தோடு வந்தால் அன்றே கோப்பை மூடியிருப்பேன்.

இப்போது பெரியண்ணன்கள் சொல்லும் நியாயங்களுக்கு வருவோம்.

முதல் நியாயம்: "பறவை தூரத்தில் இருக்கும், பெரிய லென்ஸ் வேணும்." உண்மைதான், கொஞ்சம். ஆனால் வெயில் ஏறிய பிறகு சேற்றுப்பரப்பின் மேல் கானல் ஆடும். அதற்குள் 600 மி.மீ. நீட்டினால் பெரிதாகத் தெரிவது கானல்தான். ஐரோலியில் படகு ஏறினால் பூநாரைக் கூட்டத்துக்கு ஓரளவு பக்கத்திலேயே கொண்டுபோவார்கள். அங்கே 300 மி.மீ. தாராளம். நிக்கானின் சின்ன சென்சார் பாடியில் 300 போட்டால் 450 போட்ட மாதிரிதான் காட்சி குறுகும். லென்ஸை நீட்டுவதற்குப் பதில் காலையில் சீக்கிரம் எழுந்து, அசையாமல் உட்கார்ந்து பழகினால் செலவும் இல்லை, எடையும் இல்லை.

இரண்டாவது: "தரமான லென்ஸ் கனமாத்தான் இருக்கும்." அப்படியா? கேனானின் 600 மி.மீ. எஃப் 4 லென்ஸ், இரண்டாம் பதிப்பு, 3,920 கிராம். 2018-ல் வந்த மூன்றாம் பதிப்பு 3,050. செய்கிறவனே 870 கிராமைக் குறைக்க வருடக்கணக்கில் மெனக்கெடுகிறான். 2020-ல் அதே கம்பெனி 600 மி.மீ. எஃப் 11 என்று 930 கிராமில் ஒன்று கொண்டுவந்தது. வெளிச்சம் கம்மியாக வாங்கும், நல்ல வெயிலுக்குத்தான் லாயக்கு. ஆனாலும் எடை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எடை ஒரு குறை என்று கம்பெனிக்காரனுக்குத் தெரிகிறது. அதைப் பதக்கம் மாதிரி தோளில் மாட்டிக்கொள்கிறவர்களுக்குத்தான் தெரியவில்லை.

மூன்றாவதாக ஒருவர் நிச்சயம் மா. கிருஷ்ணனைக் கொண்டுவருவார். அ. மாதவையாவின் மகன், காட்டுயிர்ப் படங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர், 1970-ல் பத்மஸ்ரீ வாங்கியவர். ஒரு கேமராவின் உடம்பு, வேறொன்றின் லென்ஸ் என்று தானே ஒட்டுப்போட்டு ஒரு கனத்த கருவியை உருவாக்கி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று கேலியாகப் பெயரும் வைத்தார். அவர் சுமக்கவில்லையா என்பார்கள். சுமந்தார் ஐயா! காட்டில் பல வருடம் சுற்றி, தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு, கிடைத்ததை வைத்துச் செய்துகொண்டார். தேவை முதலில் வந்தது, எடை பிறகு வந்தது. நாம் எடையை முதலில் வாங்கிவிட்டுத் தேவையைத் தேடுகிறோம்.

எதிர்ப்பக்கத்துக்கு ஒரு ஆள் வேண்டுமென்றால் திருவண்ணாமலைக்கு வாருங்கள். 1950 ஏப்ரல் 14, ரமண மகரிஷி சமாதி அடைந்த நாள். அந்தச் சமயம் அங்கே இருந்தவர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸோன், உலகப் புகழ்பெற்ற பிரெஞ்சுக்காரர். அவருடைய ஆயுதம் உள்ளங்கையில் அடங்கும் லைக்கா, பெரும்பாலும் ஒரே ஒரு 50 மி.மீ. லென்ஸ். கேமராவின் பளபளப்பு யார் கண்ணையும் இழுக்கக் கூடாது என்று கறுப்பு டேப் ஒட்டி மறைத்தவர். நாமோ கம்பெனி பெயர் பெரிதாக எழுதிய பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு லோக்கலில் நிற்கிறோம்!

பெரிய லென்ஸே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதை வைத்துப் பிழைக்கிறவர்கள், ஜீப்பில் காட்டுக்குள் போகிறவர்கள், புலிக்கும் கழுகுக்கும் வருடக்கணக்கில் காத்திருக்கிறவர்கள் தாராளமாக வாங்கட்டும். நேற்று வந்த பையனிடம் அதுதான் நுழைவுச் சீட்டு என்று சொல்லாதீர்கள். அவ்வளவுதான். செல்போனே போதும் என்கிறவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை. அகலமான மலைக்காட்சிக்கு அது போதும். மீன்கொத்திக்குப் போதாது.

என்னிடம் இப்போது இருப்பதைக் கேட்டால் சொல்கிறேன். நிக்கான் டி3500, பாட்டரியோடு 415 கிராம். 70-300 மி.மீ. ஏஎஃப்-பி டிஎக்ஸ் விஆர் லென்ஸ், அதுவும் 415 கிராம். 35 மி.மீ. எஃப் 1.8 டிஎக்ஸ், 200 கிராம். மொத்தம் 1,030 கிராம். அந்த பாடி இப்போது புதிதாக வருவதில்லை, நான் பழையதாகத்தான் வாங்கினேன், ரொக்கத்துக்கு. பையனின் பழைய ஸ்கூல் பைதான் கேமரா பை. உள்ளே ஒரு துண்டு சுற்றியிருக்கும். உள்ளே கேமரா இருப்பதாக யாரும் நினைக்க மாட்டார்கள்.

ட்ரைபாட் அருவிக்கும் ராத்திரி வானத்துக்கும் மட்டும். மற்ற நாட்களுக்குத் துணியில் தைத்த காலிப் பை ஒன்று. போகிற ஊர்க் கடையில் அரை கிலோ அரிசி வாங்கி அதில் போட்டுப் பாறைமேல் வைத்தால் லென்ஸ் ஆடாமல் உட்காரும். திரும்பி வந்தால் அரிசி சமையலுக்கு. மழைக்கு, ஓட்டலில் குளியலறையில் வைக்கும் தலை உறை ஒன்று. வீட்டில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், ஈரமானதும் சூடாக்கி மறுபடி போடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஊர் ஈரத்துக்கு மூடிய பீரோதான் பூஞ்சைக்குத் தொட்டில். எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, கேமராவை அடிக்கடி வெளியே எடுத்துக்கொண்டு போவது.

தம்பி எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ லோன் வேண்டாம்கிறீங்களா சார்?" என்றான்.

"முடிவு உன்னுது. ஆனா ஒண்ணு செய். ரெண்டு லட்ச ரூபா சாமான் எவ்ளோ எடைன்னு பாரு. அவ்ளோ எடைக்கு அரிசியை ஒரு பையில போட்டு மாட்டிக்கோ. காலைல கல்யாண்ல லோக்கல் ஏறி, நேரல்ல இறங்கி, மாத்தேரானுக்கு நடந்தே ஏறிட்டு வா. திங்கட்கிழமை வந்து சொல்லு, ஃபாரம் நானே எடுத்துத் தர்றேன்."

திங்கட்கிழமை வந்தான். ஃபாரம் கேட்கவில்லை. "சார், அந்த பழைய கேமரா எங்க சார் கிடைக்கும்?" என்றான். ஊரில் அவன் அம்மா பொங்கலுக்கு வரச் சொல்லியிருக்கிறாராம். பை சின்னதாக இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாமே என்றான்.

எடுத்துக்கொண்டு போடா தம்பி. பறவை அப்புறம். முதலில் அம்மாவை வெளிச்சத்தைப் பார்க்க உட்காரவைத்து ஒரு படம் எடு.