கண்ணாடிக்கு வெளியே ஆறு சென்டிமீட்டர்

ஏற்காட்டில் பழைய காபித் தோட்டக்காரர் யாருடைய பீரோவைத் திறந்தாலும் ஒரு கட்டுப் பத்திரம் இருக்கும். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இங்கே காபியைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து இந்தச் சேர்வராயன் மலையில் நிலம் கைமாறியபடியும் பாகம் பிரிந்தபடியும் இருக்கிறது. இப்போது வங்கிக் கடனோ வாரிசு வழக்கோ, எல்லாவற்றுக்கும் பத்திரத்தை ஸ்கேன் செய்து கேட்கிறார்கள்.

சிக்கல் தாளின் நீளத்தில். பழைய பத்திரங்கள் பெரும்பாலும் ‘லீகல் சைஸ்’, ஏறக்குறைய 35.6 சென்டிமீட்டர். ஜெராக்ஸ் கடை ஸ்கேனரின் கண்ணாடி ஏ4 தாளுக்குச் செய்தது, 29.7 சென்டிமீட்டர். மிச்சம் ஆறு சென்டிமீட்டர் மூடிக்கு வெளியே தொங்கும். பக்கத்தின் அடியில்தான் எழுதிக்கொடுத்தவரின் கையெழுத்தோ கைநாட்டோ இருக்கும். சர்வே எண், நான்கெல்லை எல்லாம் பளிச்சென்று விழுந்திருக்க, விற்றவர் யார் என்கிற இடம் மட்டும் காணாமல் போகிறது. அந்த பிடிஎஃப்பை வைத்துக்கொண்டு வக்கீல் என்ன செய்வார்?

ஏ4 தாளை வைத்தாலும் சில கடைகளில் அடி வெட்டுப்படும். மென்பொருளில் ‘லெட்டர்’ என்ற அளவை யாரும் மாற்றாமல் விட்டிருப்பார்கள். அது அமெரிக்கத் தாள், நீளம் 27.9 சென்டிமீட்டர்தான். சேர்வராயன் மலையில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காக்காரன் தாளுக்கு நம் பத்திரத்தை ஏன் நறுக்க வேண்டும்? ஏ4 ஜெர்மனியில் 1922இல் தரமானது. பாதியாக மடித்தாலும் நீள அகல விகிதம் மாறாது என்பது அதன் அழகு. உலகில் பெரும்பகுதி அதற்கு வந்துவிட்டது. நம் உச்ச நீதிமன்றமே மனுக்களுக்கு ஏ4 போதும் என்று 2020 ஏப்ரலில்தான் மாறியது. பாட்டன் காலத்துப் பத்திரம் அதற்காகச் சுருங்கிவிடுமா?

ஆகவே ஸ்கேன் பொத்தானைத் தட்டுவதற்கு முன் ‘பிரிவியூ’ கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் கேளுங்கள். திரையில் தெரியும் புள்ளிக்கட்டத்தைத் தாளின் விளிம்புக்குச் சற்று வெளியே இழுத்துவிட வேண்டும். அளவைத் தானே கண்டுபிடிக்கும் வசதியை நான் நம்புவதில்லை. வெள்ளை மூடிக்குக் கீழே வெள்ளைத் தாள் கிடந்தால் விளிம்பு எது என்று இயந்திரம் தடுமாறும். தாளின் மேல் ஒரு கறுப்பு சார்ட் அட்டையை வைத்து மூடினால் விளிம்பும் தெளியும், மறுபக்கத்து எழுத்து ஊடுருவித் தெரிவதும் குறையும்.

தாளை உருட்டி இழுக்கும் ஸ்கேனர் என்றால் லீகல் அளவைத் தேர்ந்தெடுத்துவிட்டால் முழு நீளமும் வரும். ஆனால் மலை ஈரத்தில் நைந்த தாளை அதில் விடாதீர்கள். அதற்காகப் பத்திரத்தின் தையலைப் பிரிக்கவும் வேண்டாம். அப்படிப்பட்ட பத்திரத்தைக் கண்ணாடியில் மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டாக எடுங்கள். நாலைந்து வரி இரண்டிலும் வரட்டும். எதுவும் விடுபடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. இரண்டுக்கும் ஒரே டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு), 200 அல்லது 300, இருக்கட்டும். ஒன்றுக்கு ஒன்று மாறினால் இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்டும்போது எழுத்து ஒருபக்கம் பெரிதாக நிற்கும்.

பின்பக்கத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். பழைய பத்திரங்களில் சார்பதிவாளரின் முத்திரையும் பதிவுக் குறிப்பும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வெற்றுத்தாள் என்று கடைக்காரர் தாண்டிவிடுவார்.